மூலநிரலிலிருந்து மென்பொருள் தொகுத்தல்

மூலநிரலிலிருந்து மென்பொருள் தொகுத்தல் என்பது, ஒரு திறந்த மூல மென்பொருளை அதன் ஆக்குநர்கள் எழுதிய நிரல் வடிவிலேயே பெற்று, பயனர் தமது கணினியில் அதனை இயங்கத்தக்க கோப்பாக மாற்றி நிறுவிக்கொள்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது கம்பைல் செய்தல் எனப்படுகின்றது. குனூ/லினக்ஸ், பி.எஸ்.டி. ஆகிய இயங்குதளங்களின் பயனர்களிடையே இம்முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. விண்டோஸில் மின்ஜிடபிள்யூ, சிக்வின் போன்ற கருவிகளைக் கொண்டும், மாக் கணினிகளில் ஆப்பிள் நிறுவனம் தரும் எக்ஸ்கோட் கருவிகளைக் கொண்டும் இதனைச் செய்யலாம்.

இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவை, முன்னரே தொகுக்கப்பட்ட பொதிகளாகவே மென்பொருட்களைத் தருகின்றன. ஆகவே சாதாரணப் பயனர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எதையும் தொகுக்காமலே கணினியைப் பயன்படுத்தலாம். வழங்கலில் இல்லாத ஒரு மென்பொருளோ புதிய பதிப்போ தேவைப்படும்போதும், நிரலில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்க விரும்பும்போதும், ஒரு வழுவுக்கான ஒட்டுக்கோப்பைச் சோதிக்கும்போதும் தொகுத்தல் அவசியமாகின்றது.

இக்கட்டுரையில் ஆணைகள் அவற்றின் ஒலிப்பின்படி தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை உரோம எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

தொகுத்தலின்போது நிகழ்வது

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதப்பட்ட நிரலைக் கணினியின் நுண்செயலி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. அது நான்கு கட்டங்களைக் கடந்தே இயங்கும் வடிவத்தை அடைகின்றது. முதலில் முன்செயலி என்னும் நிரல், தலைப்புக் கோப்புகளை உரிய இடங்களில் சேர்த்து மூலநிரலை விரிக்கின்றது. அடுத்து, கம்பைலர் என்று வழங்கும் தொகுப்பி அதனை அசெம்ப்ளி மொழிக்கு மாற்றுகின்றது. அசெம்ப்ளர் அதனைப் பொறிமொழியிலான ஆப்ஜெக்ட் கோப்பாக்குகின்றது. இறுதியில் இணைப்பி, பல ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அவை பயன்படுத்தும் நிரலகங்களையும் பிணைத்து ஓர் இயங்குகோப்பை உண்டாக்குகின்றது. பயனர் ஜிசிசி என்ற ஒரே ஆணையை இட்டாலும் திரைக்குப் பின்னால் நடப்பவை இந்நான்கும்தான். இவற்றைத் தனித்தனியே அறிந்திருப்பது, வழுச் செய்தி எந்தக் கட்டத்திலிருந்து வருகின்றது என்று கண்டறிய உதவும்.

இந்த மாற்றம் ஒருவழிப் பாதையாகும். இயங்குகோப்பிலிருந்து மாறிகளின் பெயர்களையும் குறிப்புரைகளையும் ஆக்குநர் எழுதியவாறே மீட்டெடுக்க இயலாது. மூலநிரல் கையில் இருப்பவருக்கும் இயங்குகோப்பு மட்டும் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்தே தொடங்குகின்றது.

மூலநிரல் எனப்படுவது எது

இணையத்தில் ஒரு நிரற்கோப்பை வைத்துவிட்டால் மட்டும் மென்பொருள் திறந்த மூலமாகிவிடாது. 1998ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திறந்த மூல முனைப்பகத்தின் வரையறையின்படி, ஒரு நிரலாளர் மாற்றங்கள் செய்வதற்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் வடிவமே மூலநிரலாகும். வேண்டுமென்றே குழப்பி எழுதப்பட்டதோ, முன்செயலி வெளியிட்ட இடைநிலை வடிவமோ மூலநிரலாகக் கொள்ளப்படமாட்டாது.

1991இல் வெளிவந்த குனூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. தொகுத்தலையும் நிறுவுதலையும் கட்டுப்படுத்தும் ஆணைத்தொடர்களும் முழுமையான மூலநிரலின் பகுதியே என்று அது கூறுகின்றது. சமையற்குறிப்பின் பொருட்பட்டியலைக் கொடுத்துவிட்டுச் செய்முறையை மறைத்துக்கொள்ள அந்த உரிமம் இடம்தரவில்லை எனலாம்.

ஆனால் தொகுக்க முடிவதும் தொகுத்ததை இயக்க முடிவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் விற்கப்பட்ட டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் லினக்ஸ் கருனி பயன்படுத்தப்பட்டது. அதன் மூலநிரல் உரிமத்தின்படி வெளியிடப்பட்டது. ஆயினும் பயனர் அதனை மாற்றித் தொகுத்தால், அக்கருவியின் வன்பொருள் எண்ணிம ஒப்பத்தைச் சரிபார்த்து, மாற்றிய கருனியை இயக்க மறுத்துவிடும். 2007ஆம் ஆண்டு வெளிவந்த குனூ உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளைப் பொறுத்தவரை மாற்றிய பதிப்பை நிறுவத் தேவையான தகவல்களையும் தர வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும். லினக்ஸ் கருனி இன்றும் இரண்டாம் பதிப்பின் கீழேயே வெளியிடப்படுகின்றது.

பின்னணி

மேக்

தொகுத்தலின் மையக் கருவியான மேக், 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரால் எழுதப்பட்டது. யாக் என்னும் கருவியை ஆக்கிய ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் வழுவைத் தேடி ஒரு முற்பகலை வீணாக்கினார். வழு முன்னரே திருத்தப்பட்டிருந்தது. ஆனால் திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமல் பழைய ஆப்ஜெக்ட் கோப்பே இணைக்கப்பட்டிருந்தது. ஜான்சனின் புலம்பலைக் கேட்ட ஃபெல்ட்மன் தாமும் முந்தைய மாலையில் இதே தொல்லையை அனுபவித்திருந்தார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது என்று ஒரு முறை எழுதிவைத்தால், மாறியவற்றை மட்டும் கணினியே கண்டறிந்து மீளத் தொகுக்கும் என்ற எண்ணம் அவ்வாறு உருவானது.

மேக்ஃபைல் என்னும் கோப்பில் ஆணை வரிகள் ஒரு டாப் எழுத்துடன் தொடங்க வேண்டும், இடைவெளிகள் இட்டால் ஏற்கப்படாது என்ற விதி புதியவர்களை இன்றும் திணறடிக்கின்றது. திரையில் டாப் எழுத்தும் இடைவெளிகளும் ஒன்றுபோலவே தோன்றும். இதனை மாற்றலாம் என்று ஃபெல்ட்மன் எண்ணியபோது மேக்கிற்கு ஏறத்தாழ ஒரு டசின் பயனர்கள் சேர்ந்துவிட்டிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர அவர் விரும்பவில்லை. அந்த டசின் பேருக்காகக் காட்டப்பட்ட பரிவின் விலையை அதன் பின்வந்த நிரலாளர்கள் அனைவரும் கொடுத்து வருகின்றனர். 2010இல் வெளிவந்த குனூ மேக் 3.82 பதிப்பில்தான் டாப்புக்குப் பதிலாக வேறு எழுத்தைக் குறிப்பிட வழி செய்யப்பட்டது. ஃபெல்ட்மனுக்கு 2003ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் முறைமை விருது மேக்கிற்காக வழங்கப்பட்டது.

ஜிசிசி

ரிச்சார்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் பகுதியாக, ஜிசிசி தொகுப்பி 1987இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. தொகுப்பிகள் பெரும்பாலும் விலைக்கே கிடைத்த காலம் அது. விலையில்லாமல், மூலநிரலுடன் ஒரு தொகுப்பி கிடைத்தது பிற கட்டற்ற மென்பொருட்கள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று. பின்னர், 2007இல் மூலநிரல் திறக்கப்பட்ட கிளாங் என்னும் தொகுப்பி இதற்குப் போட்டியாக வளர்ந்தது. ஃப்ரீபி.எஸ்.டி. 10.0 பதிப்பு 2014இல் கிளாங்கையே தனது இயல்புத் தொகுப்பியாகக் கொண்டு வெளிவந்தது.

ஆட்டோகான்ஃப்

1980களில் யுனிக்ஸ் ஒன்றாக இருக்கவில்லை. சன், எச்.பி., டெக் முதலிய நிறுவனங்கள் தத்தம் யுனிக்ஸை விற்றன. ஒன்றில் இருக்கும் செயற்கூறு மற்றொன்றில் இராது. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். மென்பொருளைத் தொகுப்பவர் மேக்ஃபைலைத் திறந்து, தம் கணினிக்கேற்பக் கையாலேயே வரிகளை மாற்ற வேண்டியிருந்தது. கணினியைத் தானே ஆராய்ந்து விடை கண்டறியும் ஆணைத்தொடர்களை லாரி வால் போன்றோர் எழுதத் தொடங்கினர். 1991இல் டேவிட் மெக்கன்சி எழுதிய ஆட்டோகான்ஃப், அத்தகைய ஆணைத்தொடரை உருவாக்கித் தரும் கருவியாகும். அது உருவாக்கும் கோப்பின் பெயரே கன்ஃபிகர்.

ஆட்டோகான்ஃபின் சிறப்பு, தொகுக்கும் பயனரிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை என்பதாகும். ஆக்குநர் தம் கணினியில் கன்ஃபிகர் கோப்பை உருவாக்கி, வெளியிடும் டார் பொதிவில் சேர்த்துவிடுவார். பயனரிடம் ஷெல், மேக், தொகுப்பி ஆகியவை இருந்தால் போதும். இதன் விளைவாக, டார் பொதிவில் இருப்பவையும் ஆக்குநர்களின் பொதுக் களஞ்சியத்தில் இருப்பவையும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. பல்லாண்டுகளாக யாரும் பெரிதுபடுத்தாத இந்த வேறுபாடு 2024இல் பெரும் சிக்கலுக்கு இடமளித்தது. அது கீழே விளக்கப்படுகின்றது.

வழமையான படிமுறை

தொகுக்கத் தேவையான கருவிகளை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பில்ட்-எசென்ஷியல் என்ற பொதியை நிறுவினால் தொகுப்பி, மேக், சி நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் ஆகியன ஒருங்கே கிடைக்கும். வழங்கலில் ஏற்கெனவே உள்ள ஒரு மென்பொருளின் புதிய பதிப்பைத் தொகுப்பதாயின், ஆப்ட்-கெட் பில்ட்-டெப் என்ற ஆணை, அம்மென்பொருளைத் தொகுக்க வேண்டிய பிற பொதிகளையும் கொண்டுவந்துவிடும்.

டார் பொதிவைப் பதிவிறக்கியவுடன் அதன் சரிபார்ப்புத் தொகையையும் ஆக்குநரின் எண்ணிம ஒப்பத்தையும் சோதிப்பது நலம். இவை இரண்டும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. சரிபார்ப்புத் தொகையும் பொதிவும் ஒரே வழங்கியிலிருந்து பெறப்பட்டால், பதிவிறக்கத்தில் பிழை நேரவில்லை என்பதை மட்டுமே அது உறுதிசெய்யும். வழங்கியைக் கைப்பற்றியவர் இரண்டையுமே மாற்றிவிடலாம். எண்ணிம ஒப்பம், குறிப்பிட்ட திறவியை வைத்திருப்பவரே வெளியிட்டார் என்பதை உறுதிசெய்யும். அவர் நல்லவரா என்பதை அது சொல்லாது.

பொதிவை விரித்தபின் ரீட்மீ, இன்ஸ்டால் என்ற பெயர்களில் உள்ள கோப்புகளைப் படிக்க வேண்டும். பலர் இதனைத் தவிர்த்துவிட்டுப் பின்னர் அல்லலுறுகின்றனர்.

அதன்பின் இடப்படும் மூன்று ஆணைகள் கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்பனவாகும்.

கன்ஃபிகர் ஆணை இயங்கும்போது திரையில் வரிவரியாகக் கேள்விகளும் அவற்றுக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடைகளும் ஓடும். பல கேள்விகளுக்கு அது ஒரு மிகச் சிறிய சி நிரலை எழுதி, அதனைத் தொகுத்துப் பார்த்து, வெற்றி தோல்வியைக் கொண்டு விடை காண்கின்றது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு ஊகிப்பதைவிட, செய்து பார்த்து அறிவதே நம்பத்தக்கது என்ற கொள்கை இதன் அடிப்படையாகும். எங்கு நிறுவ வேண்டும், எந்தக் கூறுகள் வேண்டும், எவை வேண்டாம் என்பன போன்ற தெரிவுகளையும் இவ்வாணையுடன் தரலாம். கன்ஃபிகர் ஹெல்ப் என்று கேட்டால் தெரிவுகளின் பட்டியல் கிடைக்கும். இந்தச் சோதனைகளின் முடிவில் மேக்ஃபைல் உருவாகின்றது.

மேக் ஆணை உண்மையான தொகுத்தலைச் செய்கின்றது. சிறு கருவிகள் சில நொடிகளில் முடிந்துவிடும். லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் போன்றவை சாதாரண மேசைக் கணினியில் பல மணி நேரம் எடுக்கலாம். நுண்செயலியில் பல உள்ளகங்கள் இருப்பின் ஜே என்ற தெரிவுடன் ஓர் எண்ணைத் தந்து, அத்தனை கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கச் செய்யலாம்.

மேக் இன்ஸ்டால் ஆணை, உருவான கோப்புகளை உரிய அடைவுகளுக்குப் படியெடுக்கின்றது. இந்தப் படியில் மட்டுமே ரூட் பயனரின் உரிமை தேவை. முதல் இரண்டு ஆணைகளையும் சாதாரணப் பயனராகவே இட வேண்டும். கன்ஃபிகர் கோப்பு என்பது பிறர் எழுதிய ஒரு நிரலாகும். அதனை ரூட் பயனராக இயக்குவது வீட்டுச் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். பயனர் தமது சொந்த அடைவுக்குள்ளேயே நிறுவிக்கொண்டால் மூன்றாம் ஆணைக்கும் ரூட் உரிமை தேவையில்லை.

அண்மைக் காலத்தில் இந்த மூன்று ஆணைகளும் எங்கும் பொருந்துவதில்லை. கேடிஈ திட்டம் தனது நான்காம் பதிப்புக்காக சிமேக் என்னும் கருவிக்கு மாறியது. குனோம் மென்பொருட்கள் பலவும் மேசான் என்னும் கருவிக்கு மாறியுள்ளன. லினக்ஸ் கருனியோ தனக்கென ஒரு முறையை வைத்திருக்கின்றது. அதில் மேக் மெனுகான்ஃபிக் என்ற ஆணை ஆயிரக்கணக்கான தெரிவுகளைப் பட்டியலாகக் காட்டும். எதுவாயினும் ஆராய்தல், தொகுத்தல், நிறுவுதல் என்ற வரிசை மாறுவதில்லை.

தொகுப்பு தடைப்படும் இடங்கள்

முதல் முயற்சியிலேயே தொகுப்பு வெற்றிபெறுவது அரிது. தடைகளுள் பெரும்பான்மை, தேவையான நிரலகம் இல்லாமையால் வருபவை. இந்த இல்லாமை மூன்று வெவ்வேறு தருணங்களில் மூன்று வெவ்வேறு முகங்களுடன் வெளிப்படும்.

தொகுக்கும்போது, ஒரு தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வரும். நிரலகம் கணினியில் இருக்கின்றதே என்று பயனர் வியப்பார். வழங்கல்கள் ஒரே நிரலகத்தை இரு பொதிகளாகப் பிரித்துத் தருவதே இதற்குக் காரணம். இயக்குவதற்கு ஒன்று, தொகுப்பதற்கு மற்றொன்று. டெபியனில் இரண்டாவதன் பெயர் டெவ் என்றும், ஃபெடோராவில் டெவெல் என்றும் முடியும். பிஎன்ஜி நிரலகத்தைக் காணவில்லை என்று செய்தி வந்தால் நிறுவ வேண்டியது அந்த இரண்டாவது பொதியையே. இந்த ஒரு குறிப்பை அறிந்தவர்கள் தொகுப்புத் தடைகளுள் பாதியைத் தாண்டிவிடுவர்.

இணைக்கும்போது, வரையறுக்கப்படாத சுட்டு என்ற பொருளில் செய்தி வரும். தலைப்புக் கோப்பு கிடைத்தது, ஆனால் அதில் கூறப்பட்ட செயற்கூற்றின் பொறிமொழி வடிவம் கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். பெரும்பாலும் தலைப்புக் கோப்பும் நிரலகமும் வெவ்வேறு பதிப்புகளாக இருக்கும்.

இயக்கும்போது, பகிர்வு நிரலகத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வரும். தொகுப்பு வெற்றி பெற்றும் நிரல் இயங்காமல் நிற்பது இங்குதான். புதிதாக நிறுவிய நிரலகம் எங்குள்ளது என்று இயங்குதளம் இன்னும் அறியவில்லை. எல்டிகான்ஃபிக் என்ற ஆணையை ரூட் பயனராக ஒரு முறை இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கன்ஃபிகர் தரும் செய்திகள் சில நேரங்களில் திசைதிருப்பிவிடும். தொகுப்பியால் இயங்குகோப்பை உருவாக்க இயலவில்லை என்று அது கூறினால், தொகுப்பியே பழுதென்று பலர் எண்ணி அதனை நீக்கி மீண்டும் நிறுவுகின்றனர். உண்மையில் சி நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லாதிருக்கலாம், அல்லது பயனர் தந்த தெரிவில் ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம். கன்ஃபிக்.லாக் என்னும் கோப்பில் தோல்வியுற்ற சிறு நிரலும் அதற்குத் தொகுப்பி சொன்ன காரணமும் அப்படியே பதிவாகியிருக்கும். உதவி கேட்டு எழுதுபவர் அந்தக் கோப்பின் உரிய பகுதியைச் சேர்த்து அனுப்புவது, விடையளிப்பவர்க்கு உதவும்.

வன்பொருளாலும் தடைகள் வருவதுண்டு. நினைவகம் போதாதபோது கருனி தானாகவே தொகுப்பியை நிறுத்திவிடும். திரையில் கொல்லப்பட்டது என்ற ஒரு சொல் மட்டுமே எஞ்சும். ஜே தெரிவின் எண்ணைக் குறைப்பதே இதற்குத் தீர்வு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தொகுப்பி நிலைகுலைந்தால் நினைவகச் சில்லிலேயே பழுது இருக்கலாம். 1990களில் லினக்ஸ் கருனியைத் தொகுப்பதே ஒரு கணினியின் நினைவகத்தைச் சோதிக்கும் வழியாகக் கருதப்பட்டது. பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோய், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே மேக் முடிவெடுப்பதால், வருங்காலத்தில் எழுதப்பட்ட கோப்புகளைக் கண்டு அது குழம்பி எச்சரிக்கை விடுக்கும். அப்போது திருத்த வேண்டியது கடிகாரத்தையே.

நிறுவிய பின்

தாமே தொகுத்த மென்பொருள் வழக்கமாக யூஎஸ்ஆர் அடைவின் கீழுள்ள லோக்கல் என்ற அடைவில் அமர்கின்றது. வழங்கலின் பொதி மேலாளர் அங்கு கைவைப்பதில்லை. இதனால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஆயினும் பெரும்பாலான வழங்கல்களில் லோக்கல் அடைவே முதலில் தேடப்படும். ஒரே நிரலகத்தின் வேறு பதிப்பை அங்கு நிறுவினால், வழங்கலின் பிற மென்பொருட்களும் அதனை எடுத்துக்கொண்டு பழுதுபடக்கூடும்.

நீக்குவதும் எளிதன்று. எந்தெந்தக் கோப்புகள் எங்கெங்கு சென்றன என்ற பதிவு எதுவும் இராது. சில மென்பொருட்கள் மேக் அன்இன்ஸ்டால் என்ற ஆணையைத் தருகின்றன. அதற்கும் தொகுத்த அடைவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி அடைவில் நிறுவி, குனூ ஸ்டோ என்னும் கருவியால் தொடுப்புகள் மட்டும் அமைப்பது ஒழுங்கான வழியாகும்.

இவை அனைத்தையும்விடக் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு இற்றைப்படுத்தல். 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் வழு அறிவிக்கப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகள் வழங்கியின் நினைவகத்திலுள்ள மறைபொருட்களை வெளியாருக்குக் கசியவிட்டன. வழங்கலின் பொதியைப் பயன்படுத்தியோர் வழக்கமான ஓர் இற்றைப்படுத்தலுடன் திருத்தத்தைப் பெற்றனர். தாமே தொகுத்து வைத்திருந்தோர் 1.0.1ஜி பதிப்பைத் தாமே பெற்றுத் தொகுக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்பை நிலையான இணைப்பாக உள்ளடக்கிய மென்பொருட்களையும் தேடிப்பிடித்து மீளத் தொகுக்க வேண்டியிருந்தது. தொகுத்தவரே பராமரிப்பாளருமாகிவிடுகின்றார் என்பதை மூன்று ஆணைகளின் எளிமை மறைத்துவிடுகின்றது.

மொழிபெயர்ப்புக் கோப்புகள்

குனோம், கேடிஈ முதலியவற்றின் தமிழாக்கங்களும் தொகுக்கப்படுபவையே. கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்பாளர் எழுதுவது பிஓ என்னும் உரைக்கோப்பு. நிரல் படிப்பதோ எம்ஓ என்னும் இரும வடிவம். தொகுப்பின்போது எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற கருவி முன்னதைப் பின்னதாக மாற்றுகின்றது. லிங்குவாஸ் என்ற சூழல்மாறியில் தமிழின் குறியீட்டை மட்டும் தந்து கன்ஃபிகர் செய்தால், கெட்டெக்ஸ்டைப் பின்பற்றும் மென்பொருட்களில் பிற மொழிகள் நிறுவப்படமாட்டா.

தமிழாக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்திப் பார்க்க விரும்புவோர் மென்பொருள் முழுவதையும் மீளத் தொகுக்க வேண்டியதில்லை. பிஓ கோப்பை மட்டும் மாற்றி உரிய அடைவில் இட்டால் போதும். நிரலாக்கம் அறியாதவரும் செய்யத்தக்க தொகுத்தல் இதுவாகும்.

மூலநிரல்வழி வழங்கல்கள்

எல்லாவற்றையும் பயனரின் கணினியிலேயே தொகுப்பது என்ற கொள்கையைக் கொண்ட வழங்கல்களும் உண்டு. ஃப்ரீபி.எஸ்.டி.யின் போர்ட்ஸ் முறை 1994இல் தொடங்கியது. டானியல் ராபின்ஸ் ஆரம்பித்த ஜென்டூ லினக்ஸின் 1.0 பதிப்பு 2002இல் வெளிவந்தது. அதன் யூஸ் கொடிகள், வேண்டாத கூறுகளைத் தொகுப்பின்போதே விலக்க உதவுகின்றன. 1999இல் கெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் வழங்கலன்று. ஒரு முழு இயங்குதளத்தையும் கையாலேயே தொகுத்து எழுப்பக் கற்பிக்கும் நூல்.

தம் கணினிக்கென்றே தொகுத்தால் மென்பொருள் மிக வேகமாக இயங்கும் என்ற நம்பிக்கை 2000களில் பரவலாக இருந்தது. கணக்கீடு மிகுந்த சில மென்பொருட்களில், நுண்செயலியின் சிறப்பு ஆணைகளைப் பயன்படுத்தித் தொகுப்பதால் பயன் உண்டு. உரைதொகுப்பி, அஞ்சல் வாசிப்பான் போன்றவற்றில் வேறுபாட்டை உணர்வது கடினம். தொகுக்கச் செலவான மணிநேரங்களை அந்த வேகத்தால் ஈடுசெய்ய முடியாது. ஜென்டூவின் உண்மையான பயன் வேகம் அன்று, தெரிவுரிமை. 2023 டிசம்பரில் ஜென்டூவே எக்ஸ்86-64, ஏஆர்எம்64 கணினிகளுக்கு முன்தொகுத்த பொதிகளைப் பரவலாக வழங்கப்போவதாக அறிவித்தது.

நம்பகம்

தாமே தொகுத்தால் அதில் தீங்கு எதுவும் இராது என்று கருதுவோர் உளர். இக்கருத்தை யுனிக்ஸின் ஆக்குநர்களுள் ஒருவரான கென் தாம்சன் தமது டூரிங் விருது உரையில் கேள்விக்குள்ளாக்கினார். 1984இல் வெளியான அவ்வுரையில், உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போது அதில் ஒரு பின்கதவைச் சேர்க்கும் சி தொகுப்பியை அவர் விவரித்தார். அத்தொகுப்பி, தன்னையே தொகுக்கும்போதும் அதனை அடையாளம் கண்டு, இதே சூழ்ச்சியைப் புதிய தொகுப்பியிலும் சேர்க்கும். அதன்பின் மூலநிரலில் ஒரு தடயமும் தேவையில்லை. தொகுப்பியின் மூலநிரலை முழுவதும் படித்தாலும் பின்கதவைக் காண முடியாது. தாம்சனின் அந்த நிரல், விளக்கக் குறிப்புகளுடன் 2023இல் ரஸ் காக்ஸ் என்பவரால் வெளியிடப்பட்டது.

இதற்கு விடையாகப் பல வழிகள் முன்வைக்கப்பட்டன. சந்தேகத்துக்குரிய தொகுப்பியை வேறு ஒரு தொகுப்பியால் தொகுத்து ஒப்பிடும் முறையை டேவிட் வீலர் 2009இல் தமது ஆய்வேட்டில் நிறுவினார். டெபியன் திட்டத்தில் 2013 முதல், ஒரே மூலநிரலை யார் எங்கு தொகுத்தாலும் ஒவ்வொரு பைட்டும் ஒன்றாக இருக்குமாறு செய்யும் முயற்சி நடைபெறுகின்றது. தொகுத்த நேரம், அடைவின் பெயர், கோப்புகளின் வரிசை போன்ற அற்ப வேறுபாடுகளை நீக்குவதே இதில் பெரும் பணி. கைக்ஸ் என்னும் வழங்கல் 2023இல், 357 பைட்டுகள் மட்டும் கொண்ட ஒரு சிறு நிரலிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை தொகுத்து எழுப்பியதாக அறிவித்தது. இத்தொடரை நடத்திச்செல்லும் கைல் என்னும் நிரல் மட்டும் முன்தொகுத்த வடிவிலேயே உள்ளது.

2024ஆம் ஆண்டு நிகழ்வு வேறு வகையானது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் மென்பொருளாளர் அவ்வாண்டு மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழி உள்நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து அதன் காரணத்தைத் தேடியபோதே அவர் இதனைக் கண்டார். புனைபெயர் எனக் கருதப்படும் ஒரு பெயரில் ஈராண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து இணைப் பராமரிப்பாளராக உயர்ந்த ஒருவரே இதனைச் செய்திருந்தார். அதனால் பொதிவின் எண்ணிம ஒப்பம் முறையானதாகவே இருந்தது.

தீங்கு நிரலின் இரும வடிவம், சோதனைக்கான பழுதுற்ற கோப்புகள் என்ற தோற்றத்தில் பொதுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதனை உயிர்ப்பிக்கும் வரிகளோ கன்ஃபிகரை உருவாக்கும் எம்4 கோப்பு ஒன்றில் இருந்தன. அவ்வரிகள் டார் பொதிவில் மட்டுமே காணப்பட்டன, களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தில் நிரலைப் படித்தவர்கள் எவரும் அவற்றைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மேலும் அவ்வரிகள், தொகுப்பு நடைபெறுவது டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதி ஆக்கத்துக்காகவா என்று சோதித்த பின்னரே செயற்பட்டன. வீட்டுக் கணினியில் மூன்று ஆணைகளை இட்டுத் தொகுத்தவருக்குப் பின்கதவு சேரவில்லை. வழங்கல்களின் பொதிகளையே அது குறிவைத்தது. டெபியனின் நிலையான பதிப்பை அது சென்றடையும் முன்னரே கண்டறியப்பட்டது.

ஒரே மூலநிரல் ஒரே இருமத்தைத் தருகின்றதா என்ற ஒப்பீடு இங்கு உதவியிராது. ஏனெனில் மூலநிரலாகக் கொள்ளப்பட்ட பொதிவிலேயே தீங்கு இருந்தது. டார் பொதிவுக்குள் ஆட்டோரீகான்ஃப் ஆணையை இட்டுக் கன்ஃபிகரைப் புதிதாக உருவாக்கிக்கொள்வதும் போதாது. பழுதுற்ற எம்4 கோப்பு அதே பொதிவில்தான் உள்ளது. களஞ்சியத்திலிருந்து குறிப்பிட்ட பதிப்பை நேரடியாகப் பெற்று, அங்கிருந்தே கன்ஃபிகரை உருவாக்குவதும், டார் பொதிவுடன் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இத்தகைய வேறுபாட்டை வெளிக்கொணரும். எக்ஸ்இசட்டின் மூல ஆக்குநர் லாஸ்ஸே காலின், பின்கதவை நீக்கி 5.6.2 பதிப்பை 2024 மே மாதத்தில் வெளியிட்டார்.